மூடிய வலது கையும் இசக்கிமுத்துவின் காலும்

ஆவணி முதல் வாரத்தில் என் வலது கை மூடிக்கொண்டது. ஐப்பசி பிறக்கும்வரை திறக்கவில்லை.

இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. விரல்கள் ஐந்தும் மடங்கி இறுகி, இடது கையால் பிரித்தாலும் பிரியாமல் அப்படியே நின்றுவிட்டன. சாப்பிட முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சன்னிதியில் நின்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட முடியவில்லை. அறுபத்து நான்கு வயதில், முருகனை அடிக்கப் போகிறவன்போல் முஷ்டியை நீட்டிக்கொண்டு அவன் முன்னால் நின்றேன். இனிக் கடைசிவரை இப்படித்தான் என்று தோன்றிய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் கிருத்திகைக் குழுவில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் குழு அச்சடிக்கும் இந்தத் தாள் நம் ஊர் படப்பையைத் தாண்டியும் போகிறது என்பதால் சொல்கிறேன். கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, சேஃப்டி ஆபீசராக ஓய்வு பெற்றவன். ஏணியில் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது, ஏறியவன் இறங்க மறுத்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்பதுவரை விதிமுறை எழுதியவன். "இவரு தும்முறதுக்குக்கூட ஃபார்ம் வச்சிருக்காருங்க. மூணு காப்பி" என்று என் மனைவி வசந்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது பொய். தும்மலுக்கு ஒரு காப்பி போதும்.

போன ஆடிக் கிருத்திகையன்று காலை நாம் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வேனில் கிளம்பியதும், ஒரகடம் தாண்டி நடந்ததும் உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று எங்கள் பக்கம் ஒதுங்கியது. தப்பிக்க எங்கள் டிரைவர் இடதுபுறம் ஒடித்தார். வேன் பள்ளத்தில் இறங்கி, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. நான் வலது ஜன்னல் ஓரம் இருந்தேன். வசந்தா எனக்கு இடப்பக்கம். வேன் சாய்ந்ததும் ஜன்னல் தலைக்கு மேலே போய்விட்டது. ஜன்னலை ஒட்டியிருந்த கம்பியை என் வலது கை பிடித்திருந்தது. இடது கை வசந்தாவின் கையைப் பிடித்திருந்தது. கீழே உடைந்த கண்ணாடி, அதன்மேல் நம் ஆட்கள். நான் விட்டால் அவள் விழுவாள். விடவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் அரை மணி என்பேன். அவள் ரெண்டு நிமிஷம் என்பாள்.

முருகன் அருளால் உயிருக்கு ஒன்றுமில்லை. சிராய்ப்பு, கண்ணாடிக் கீறல், ஒருவருக்குத் தோள்பட்டை விலகியது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரே வேன், ஒரே பள்ளம். வெளியே வந்தவர்களோ ஆளுக்கொரு விதம். வசந்தா சாலையோரம் உட்கார்ந்து நடுங்கினாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்த வெயிலில் போர்வை கேட்டாள். பிறகு "முருகா, முருகா" என்று ஊரைக் கூட்டி அழுதாள். பக்கத்துத் தெரு ஏழுமலை, நிலமெல்லாம் பிளாட் ஆனபின் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், சிரிக்க ஆரம்பித்தார். "இன்னா சார், வேனு படுத்துக்குனு கீது! நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்துச்சா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆம்புலன்ஸில் வந்தவர் இவருக்குத்தான் தலையில் அடி என்று முடிவு கட்டி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கனகா டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று நாள் பாத்திரம் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார் என்று அவருடைய மருமகள் சொன்னாள்.

நானோ கச்சிதம். இன்ஜினை அணைக்கச் சொன்னேன். டீசல் கசிகிறதா என்று பார்த்தேன். ஆட்களை எண்ணினேன். 108-க்குச் சொன்னேன், அடையாளத்துக்கு எந்தப் பாலம், எந்தப் பக்கம் என்பதோடு. அன்று மாலையே விபத்து அறிக்கை எழுதி, படமும் போட்டு, உங்களில் பலருக்கு நகல் கொடுத்தேன். காயம் என்ற கட்டத்தில் என் பெயருக்கு நேராக 'இல்லை' என்று நானே எழுதினேன்.

அடுத்த பத்து நாள் வசந்தா அந்தக் கதையை எல்லோரிடமும் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் முழங்கால் நடுங்கும், கண் கலங்கும். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எத்தனை தரம் சொல்லுவ? ஆளுக்கொரு நகல் எடுத்துக் குடுத்துடட்டுமா?"

"குடுங்களேன். அதுல நான் அழுதது இருக்கா?"

"அதுக்குக் கட்டம் இல்லை."

"அப்போ அது என்ன ரிப்போர்ட்டு?" என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள். பதினோராம் நாள் அவள் ஷேர் ஆட்டோ ஏறித் தாம்பரம் போய்த் திரும்பி வந்தாள். நடுக்கம் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை நான் படப்பை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னால் ஒரு டிரெய்லர் பிரேக் போட்டது. அந்தக் காற்று பிரேக் 'புஸ்'ஸென்று விடுமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான். பையைப் பிடித்திருந்த கை இறுகியது. வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைக்கப் பார்த்தால் வைக்க முடியவில்லை. வசந்தா சிரித்துக்கொண்டே விரலைப் பிரிக்க வந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கடைசியில் கத்தரிக்கோலால் பையின் காதை வெட்டித்தான் கத்தரிக்காயை மீட்டோம்.

எக்ஸ்ரே எடுத்தோம். நரம்புச் சோதனை செய்தோம். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தேன். மூன்று டாக்டர்கள், மூன்று அறிக்கை, மூன்றிலும் 'நார்மல்'. வாழ்நாள் முழுதும் நான் விரும்பிய வார்த்தை அது. அதைப் பார்த்து அழ வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

இந்த இடத்தில் வசந்தாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் முருகன் மன்னிக்கமாட்டான். எட்டு வாரம் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். "ஆ காட்டுங்க. முப்பத்தெட்டு வருஷமா என்னைப் பார்த்து நீட்டின விரலு. கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும்" என்பாள். ஒரு நாள் என் முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இங்க பாருங்க, நடுவுல ஓட்டை இருக்கு. சும்மா மூடல. எதையோ பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். பூஜை நேரத்தில் அந்த ஓட்டையில் ஊதுபத்தியைச் செருகிவிட்டு, "எதுக்காச்சும் உதவட்டும்" என்றாள். கோயிலில் நான் இடது உள்ளங்கையை மட்டும் விரித்து நிற்பேன். அவள் தன் வலது உள்ளங்கையை அதோடு சேர்த்து வைப்பாள். ஒரு கும்பிடுக்கு இரண்டு ஆள். குருக்கள் விபூதியை என் முஷ்டியின் மேல் தூவிவிட்டுப் போவார். நான் வெட்கத்தில் தலை நிமிரமாட்டேன்.

நான்காவதாகப் பார்த்தவர் மனநல டாக்டர். இளம் பெண். பரிசோதனைக் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, வேனில் என்ன நடந்தது என்று கேட்டார். அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். "இது இல்லைய்யா. உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். காயம் கட்டத்தில் என் பெயருக்கு நேராக இருந்த 'இல்லை'யைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஆபத்து வந்தால் ஒருவர் உடம்பு நடுங்கித் தீர்த்துக்கொள்ளும், ஒருவர் உடம்பு சிரிக்கும், ஒருவர் உடம்பு மரத்துப்போகும். சிலருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது, வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பின்னால் ஒருநாள் எங்கேயாவது வந்து நிற்கும். இதில் உசத்தி தாழ்த்தி கிடையாது. கையில் கோளாறு இல்லை, ஆனால் கை நிஜமாகவே திறக்கவில்லை, இரண்டும் உண்மை.

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களாம்மா?"

"நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே ஐயா" என்றார்.

உண்மைதான். அது என் வார்த்தை. பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதிய வார்த்தை.

அப்போது எங்கள் பிரஸ் லைனில், தகடு அழுத்தும் மெஷினில், ஒருவருக்குக் கை மாட்டியது. அவர் பிழைத்துக்கொண்டார், இரண்டு விரல் போனது. பக்கத்து மெஷினில் நின்றவர் இசக்கிமுத்து. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், இங்கே ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர். அவர்மேல் ஒரு கீறல் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் பிரஸ் லைன் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் கால் மடங்கி விழுவார். வெளியே வந்தால் நடப்பார். டாக்டர் சான்றிதழ் 'நார்மல்'. நிர்வாகம் என் கருத்தைக் கேட்டது. 'காயம் இல்லை. நடிப்பாக இருக்கலாம். பணிக்குத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். போகும்போது என் அறை வாசலில் நின்று பார்த்தார். நான் நிமிரவில்லை. ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போக எனக்குத் துணிவில்லை. படப்பையில் நம் சிறிய கோயிலுக்கே போனோம். அதுவரை நான் செய்த பிரார்த்தனையெல்லாம் மனு மாதிரி இருக்கும். பொருள், வலது கை திறத்தல் தொடர்பாக. பார்வை, ஏற்கெனவே சமர்ப்பித்த ஆறு மனுக்கள். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் தீபாராதனை காட்டும்போது மனத்தில் ஒரு வரியும் வரவில்லை. கை என்ற சொல்கூட வரவில்லை. வந்தது ஒரு பெயர் மட்டும். இசக்கிமுத்து. வாய்விட்டே சொல்லிவிட்டேன்போல. வசந்தா திரும்பிப் பார்த்தாள்.

நண்பர்களே, நான் குரல் கேட்டேன் என்று சொல்லவில்லை. ஒளி எதுவும் தெரியவில்லை. முருகன் என் மனுவை வாங்கி, அதில் ஒன்றும் எழுதாமல், வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அலுவலகத்தில் இருந்தவனுக்கு அது புரியும். நாம் தவறான துறையில் விண்ணப்பித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் வசந்தாவிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நடந்தவள் நின்றாள்.

"அந்த ஆளு எங்க இருக்காரு?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்குங்க. ஏணியில ஏறினவன் இறங்கலைன்னா யாருக்குச் சொல்லணும்னு தெரியும், இது தெரியாதா?"

பழைய சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். "அவன் திரும்பி வந்து எட்டு வருஷம் ஆச்சே சார். இருங்காட்டுக்கோட்டையில, ரூம் பசங்க இருக்கற தெருவுல ஜூஸ் கடை வச்சிருக்கான்" என்றார். எட்டு வருடம். அதில் பாதி நாள் நான் அந்தத் தெரு வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போயிருக்கிறேன்.

போவதற்கு ஒரகடம் வழியாகத்தான் போக வேண்டும். பஸ்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பள்ளம் வந்த இடத்தில் முஷ்டி இன்னும் இறுகி, முழங்கைவரை வலித்தது. "தாண்டியாச்சு" என்றாள் வசந்தா. பக்கத்து ஸீட்டுக்காரர் ஏதாவது வாந்தி கேஸா என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

இசக்கிமுத்துவுக்கு இப்போது நாற்பதை நெருங்குகிற வயது. காதோரம் நரை. சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பிழிவதை நிறுத்தவில்லை.

"வாங்க சார். எங்க இந்தப் பக்கம்? கடையில தீயணைப்பு சிலிண்டர் இருக்கான்னு பாக்க வந்தியளா? இருக்கு. அந்தா மாட்டியிருக்கேன்."

வசந்தாதான், "அவருக்குக் கை சரியில்ல தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கார்" என்றாள்.

"கையில என்ன சார்?"

வேன் விபத்திலிருந்து சொன்னேன். மூன்று அறிக்கையும் நார்மல் என்று சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நடிக்கியன்னு சொல்லுங்க."

வசந்தாவுக்கு முகம் சுருங்கியது. நான், "ஆமாம், அதைத்தான் நானும் என்னைக் கேட்டேன்" என்றேன். "அன்னிக்கு நான் எழுதினது தப்பு இசக்கிமுத்து. நீங்க நடிக்கலை. மன்னிச்சுக்கணும்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்து வசந்தாவுக்குப் போட்டார். "அக்கா, நீங்க இரிங்க." எனக்குப் போடவில்லை. பிறகு அவர் சொன்னதைத்தான் நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"சார், எங்களுக்கு டிரெய்னிங் குடுத்தது யாரு? நீங்கதான். விபத்துன்னா விட்டு விட்டு சைரன் அடிக்கும், எல்லாம் வெளிய, அசெம்ப்ளி பாயிண்டுக்கு வந்துரணும். எல்லாம் சரியாச்சுன்னா நீளமா ஒரு சைரன். அதுக்குப் பேரு ஆல் கிளியர். அது கேக்காம ஒருத்தன் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாதுன்னு சொன்னியளா இல்லியா?"

"சொன்னேன்."

"அன்னைக்கு ஆல் கிளியர் அடிச்சியளா?"

அடிக்கவில்லை. அன்றைக்கு அடிபட்டவரோடு நானே ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டேன். ஆல் கிளியர் கொடுக்கும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அரை மணி நேரத்தில் உற்பத்திப் பிரிவு தானாக லைனை ஓட்டிவிட்டது. மறுநாள் அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் இருந்தால் தணிக்கையில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நேரத்தைப் போட்டு, 'கொடுக்கப்பட்டது' என்று எழுதினேன். எல்லா விதிமுறையும் தெரிந்தவன் நான்.

"லைன் ஓட ஆரம்பிச்சிட்டு. சூப்பர்வைசர் வாங்கலே வாங்கலேன்னு கூப்பிடுதாரு. எல்லாவனும் போயிட்டான். நானும் போனேன். எங்காலு மட்டும் நம்பல" என்றார் இசக்கிமுத்து. "நீங்க சொல்லிக்குடுத்ததத்தான் சார் அது கேட்டுச்சு. அதப் போயி நடிப்புன்னு எழுதிட்டியளே."

ஊருக்குப் போனபின் மூன்று மாதம் திருச்செந்தூரில் அவருடைய அக்கா வீட்டில் இருந்திருக்கிறார். காலையில் கடலில் போய் நிற்பாராம். அலை வந்து தள்ளும், விழுவார், எழுவார். "ஒருநாள் விழல. கோயிலப் பாத்துக் கும்பிட்டுட்டு வீட்டுக்கு நடந்தே போயிட்டேன்" என்றார். "ஆனா அந்த நீளச் சைரன் மட்டும் இன்னும் கேக்கலை சார்."

"எழுத்தில் திருத்தித் தர்றேன்" என்றேன். பழக்கம்.

"தாங்க. இப்பமே தாங்க. பேப்பர்ல எழுதுனதுல்லா, பேப்பர்லதான் போணும்." ஆர்டர் எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வைத்தார்.

என் முஷ்டியைப் பார்த்தேன். வசந்தா, "நான் எழுதறேன், அவர் சொல்லட்டும்" என்று கை நீட்டினாள்.

"இல்லக்கா. அன்னைக்கு எழுதுன கைதான் எழுதணும்." சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து என் முஷ்டியின் ஓட்டையில் அவரே செருகினார். கரடுமுரடாக இல்லை. கண்ணாடி டம்ளரில் ஸ்ட்ரா போடுவதுபோல் மெதுவாக.

ஷிப்ட் விடும் நேரம். தெருவெல்லாம் சீருடைப் பையன்கள், பஸ் ஹாரன். நான் பலகையில் குனிந்து, முழங்கையால் தள்ளித் தள்ளி எழுதினேன். முதல் எழுத்து தாளைக் கிழித்தது. இன்னொரு தாள் கொடுத்தார். 'இசக்கிமுத்து நடிக்கவில்லை' என்று எழுத ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. எழுத்து பாம்பு போல் ஊர்ந்தது. வியர்த்துக் கொட்டியது. வசந்தா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். 'ஆல் கிளியர் கொடுக்கப்படவில்லை' என்பதில் 'க்' எழுத்துக்குப் புள்ளி வைக்க முடியாமல் பேனா வழுக்கியது. பிடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சரிசெய்தேன். 'இது என் தவறு' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"என்னங்க" என்றாள் வசந்தா.

பார்த்தேன். பேனா ஓட்டையில் இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. அந்த இரண்டு விரலும் எப்போது வெளியே வந்தன என்று எனக்குத் தெரியாது. மற்ற மூன்றும் மடங்கித்தான் இருந்தன. நான் பேனாவைக் கீழே போடப் பயந்துகொண்டு அப்படியே பிடித்திருந்தேன். வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். இந்த முறை நான் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் நடுக்கம் வந்தது. முழங்காலிலிருந்து தோள்வரை, வேனிலிருந்து இறங்கிய அன்று வர வேண்டிய நடுக்கம். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இசக்கிமுத்து என்னை உட்கார வைத்தார்.

தாளை எடுத்து இரண்டு தரம் படித்தார். அவருக்கு நேரே நிமிர்ந்து, வாயால் சொன்னேன்: "ஆல் கிளியர்."

"லேட்டு சார்" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு சாத்துக்குடி ஜூஸ் போட்டு வைத்தார். "குடிங்க. சர்க்கரை போட்டிருக்கு, பரவாயில்லையா அக்கா?"

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய் அறிக்கை ஆகும். மனநல டாக்டரிடம் வாரம் ஒரு முறை போனேன். பிசியோதெரபி செய்தேன். "கடவுள் கையைத் திறந்துட்டார், இனி எதுக்கு வர்றீங்கன்னு யாராவது சொன்னா, அவரே இங்க அனுப்பினார்னு சொல்லுங்க" என்றார் அந்த டாக்டர். அப்படியே சொல்கிறேன். சுண்டு விரல் ஐப்பசி நடுவில் நிமிர்ந்தது. நடு விரல் கார்த்திகை தீபத்தன்று. பழைய தொழிற்சாலைக்கு, அந்த அறிக்கையில் நான் போட்ட ஆல் கிளியர் நேரமும் இசக்கிமுத்துவைப் பற்றி எழுதிய கருத்தும் பொய் என்று கடிதம் எழுதினேன், என் கையாலேயே. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. அது அவர்கள் விதிமுறை, நானே எழுதியதுதான்.

இப்போது வியாழக்கிழமை பிற்பகலில் இசக்கிமுத்து கடைக்குப் போய் உட்காருகிறேன். வேலையில் அடிபட்டவர்கள் என்னிடம் பேச வருகிறார்கள். அடிபட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் வருகிறார்கள். அவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை. நான் எதையும் எழுதிக்கொள்வதில்லை. கேட்கிறேன். தேவைப்பட்டால் அந்த டாக்டரிடம் அனுப்புகிறேன். இசக்கிமுத்து என்னிடம் இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறார்.

போன வாரம் ஏழுமலை வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் சிரித்துக்கொண்டே, "சார், எனுக்கு ஒன்னியும் இல்ல. ஆனா வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன பிரேக்க நாலு வாட்டி பாக்கறேன். நாலு போதலன்னு இப்ப எட்டு. இது இன்னா கேஸு சார்?" என்றார்.

"கேஸ் இல்ல ஏழுமலை. உட்காருங்க. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

"அதான் உங்க ரிப்போர்ட்டுல கீதே."

"அதுல நீங்க இல்ல" என்றேன். இரண்டு மணி நேரம் பேசினார். பாதியில் சிரிப்பு எங்கே நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. வசந்தா அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வேனில் இருந்தவர்களே, அதைப் பார்த்தவர்களே, வேறு எங்கோ வேறு எதிலோ தப்பித்தவர்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். உங்கள் உடம்பு என்ன செய்ததோ அதற்காக வெட்கப்படாதீர்கள். அடுத்தவர் உடம்பு உங்களுடையதைப்போல் நடக்கவில்லை என்று முகம் சுளிக்காதீர்கள். முருகனிடம் போய் நில்லுங்கள். நான் கேட்டதை, கேட்ட வடிவில் அவன் தரவில்லை. நான் யாரைக் காயப்படுத்தினேனோ அவரிடம் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினான். அதைவிடப் பெரிய உதவி எனக்கு யாரும் செய்ததில்லை. அவனுக்கும், அந்த எட்டு வாரமும் என் பக்கத்தை விட்டு நகராத வசந்தாவுக்கும், கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

மோதிர விரல் மட்டும் இன்னும் முழுதாக நிமிரவில்லை. அதற்கு நான் கெடு எதுவும் வைக்கவில்லை. சாலையில் போகும்போது எங்காவது அந்த பிரேக் சத்தம் கேட்டால் அந்த விரல் மடங்கி உள்ளே போய்விடுகிறது. அப்போது நான் நின்றுவிடுகிறேன். வசந்தாவும் நிற்கிறாள். அது வெளியே வந்ததும் மறுபடி நடக்கிறோம்.